பத்தொன்பதாவது சீட்டு

உயிர்ப்பு ஞாயிறிலிருந்து தூய ஆவியார் திருநாள் வரைக்கும் எண்ணினால் ஐம்பது நாள். பங்கின் இளையோர் குழுவில் அந்த ஐம்பது நாளும் ஒரு விளையாட்டு நடக்கும். குழுவில் இருப்பவர்கள் அதை விளையாட்டு என்பார்கள், பங்குத்தந்தை அதைச் செபம் என்பார். இரண்டு பக்கமும் தலையாட்டி நடத்திவைப்பது பல்லக்காவின் பொறுப்பு.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பல் மருத்துவர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு பிடித்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து, மெருகேற்றி, தாடைபோல் திறந்து மூடும் கருவியில் மாட்டிச் சரிபார்த்து அனுப்புவாள். ஒன்பது வருடத்தில் ஒருவருடைய பல் இன்னொருவர் வாய்க்குப் போனதில்லை. அப்படிப்பட்டவள் கையில் குழுவைக் கொடுத்தால் ஒரு தூசி தப்புமா? முப்பத்திரண்டு வயதாகியும் இளையோர் குழுவில் அவளை விட்டுவைத்திருப்பதற்கு அதுதான் காரணம். "முப்பத்திரண்டு ஆச்சு, பல்லு கணக்கு முழுசாயிடுச்சு, அடுத்த வருஷம் உன்னை மாதர் சங்கத்துக்கு அனுப்பிடுவேன்" என்று பங்குத்தந்தை மூன்று மாதமாகக் கேலி செய்துகொண்டிருந்தார்.

விளையாட்டு இதுதான். ஒவ்வொருவர் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிக் காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்குவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். தன் பெயரே வந்தால் மட்டும் திரும்பப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். யார் பெயர் வருகிறதோ அவருக்காக ஐம்பது நாளும் மாலை ஆறு மணிக்கு, கோயில் மணி அடிக்கும்போது, இருக்கிற இடத்தில் நின்று செபிக்க வேண்டும். யாருக்கு யார் என்று மூச்சு விடக் கூடாது. கடைசி நாள் ஏரிக்கரைக்குச் சுற்றுலா போய், எல்லோரும் வட்டமாக நிற்க, தான் செபித்தவரின் பின்னால் போய்த் தோளைத் தொட வேண்டும். முன்பெல்லாம் பரிசும் உண்டு. போன வருடம் அது முற்றிப்போய்ப் பாதிப் பேர் சாக்லேட்டுக்காகவே கோயிலுக்கு வர ஆரம்பித்தார்கள். "இனிமே செபம் மட்டும்தான். உங்களுக்குச் சர்க்கரை வியாதி வந்தா அதுக்கும் நான்தான் செபிக்கணும்" என்று பங்குத்தந்தை பரிசை நிறுத்திவிட்டார்.

இதில் யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. பல்லக்காவுக்குச் செபம் வருவதில்லை. கடவுளோடு சண்டை ஒன்றும் இல்லை, துக்கமும் இல்லை, எப்போது நின்றது என்று சொல்லவும் தெரியாது. கூட்டத்துக்கு உருக்கமாகச் செபம் எழுதுவாள், ஒலிபெருக்கியில் வாசிப்பாள், அழுகிறவர்கள் அழுவார்கள். தனியே கண்ணை மூடினால் பேருந்துக்காரரிடம் சொன்னோமா, தண்ணீர்ப் புட்டிகள் எத்தனை வேண்டும் என்பதுதான் வரும். ஊருக்கெல்லாம் பல் செய்கிறவள் தன் பல்வலியை யாரிடம் போய்ச் சொல்வாள்? சொல்லாமல் இருந்துவிட்டாள். மாலை ஆறு மணிக்கு மெருகேற்றும் சக்கரம் சுழலும், தனக்கு வந்த சீட்டின் பெயரை ஒருமுறை முணுமுணுப்பாள், அதுவும் ஞாபகம் இருந்தால்.

அந்த வருடம் குழுவில் பத்தொன்பது பேர். அதில் ஒருத்தி உயிர்ப்புக்கு முந்திய தவக்காலத்தில்தான் வந்து சேர்ந்தவள். மற்றவர்கள் பால்பல் விழுந்த காலத்திலிருந்து ஒன்றாக வளர்ந்தவர்கள் என்பதால் இவளுக்குப் புதுசு என்றே பெயராகிவிட்டது. விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்ப்பது வேலை, சித்தி வீட்டில் ஒரு சின்ன அறையில் வாசம். கேட்டால் பதில் சொல்வாள். கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்காருவாள், கூட்டம் முடிந்ததும் எல்லா நாற்காலிகளையும் அடுக்கிவைத்துவிட்டு யாரும் பார்ப்பதற்குள் போய்விடுவாள்.

அந்தப் பெண் ஐம்பது நாளில் மாறியதைக் கோயிலே பார்த்தது. மரங்கள் துளிர்த்து ஆட்கள் குளிர்ச்சட்டையைக் கழற்றுவதற்குள் அவள் வாய் திறந்துவிட்டது. இரண்டாம் ஞாயிறு ரேடியோவின் வாய்க்கே பதில் வாய் கொடுத்தாள். ரேடியோ என்பவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், தூங்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துகிறவன், அதுவும் நிச்சயமில்லை என்று அவன் அண்ணன் சொல்கிறான். அவன் அசந்துபோய் ஒரு நிமிடம் முழுதாகச் சும்மா இருந்தான். நான்காம் ஞாயிறு புதுசு திருப்பலியில் முதல் வாசகம் வாசித்தாள். கால் நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது, குரல் நடுங்கவில்லை. ஐந்தாம் வாரம் பல்லக்காவைக் கோயில் படியில் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, எங்க அம்மாகிட்டப் பேசிட்டேன். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்."

"நீயா கூப்பிட்டே?"

"நான்தான். ஆறு மணி அடிச்சுது. இஸ்திரியை நிமித்தி வச்சிட்டு நின்னேன். இந்த நிமிஷம் யாரோ ஒருத்தர் என் பேரைச் சொல்லி வேண்டிட்டிருக்காங்கன்னு நெனைச்சேன். சித்தி வீட்டுலகூட என்னை ஏய்னுதான் கூப்பிடுவாங்க. அந்தத் தைரியத்துல ஃபோனை எடுத்துட்டேன். அம்மா ஒரே அழுகை. நானும்தான்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அந்த நாள் வரட்டும்."

"எனக்கே தெரியாதும்மா" என்றாள் பல்லக்கா. அது உண்மைதான். வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கடைசி ஞாயிறுக்கு முந்திய ஞாயிறு எல்லோரும் தங்கள் சீட்டை மடித்துப் பையில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். யாராவது சீட்டைத் தொலைத்திருந்தால் தோள் தொடும் நேரத்துக்கு முன்பே தெரிந்துவிடும். வியாழக்கிழமை மத்தியானம் வேலை மேசையில் மாவுக்கட்டு அச்சுகளை ஒதுக்கிவிட்டுப் பல்லக்கா சீட்டுகளைப் பிரித்து அடுக்கினாள். பத்தொன்பது இருந்தன. ஒன்றில் 'ரேடியோ' என்று இருந்தது. இன்னொன்றில் அதே ரேடியோவின் ஞானஸ்நானப் பெயர், நான்கு புனிதர்களைச் சேர்த்துக் கட்டிய அந்த நீளமான பெயர், அவள் கையெழுத்திலேயே இருந்தது.

பல்லக்கா எல்லாவற்றையும் மறுபடி அடுக்கினாள். மூன்றாம் முறையும் அடுக்கினாள். புதுசின் பெயர் இல்லை.

நடந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, கோயில் அலங்கார அமளியில், பங்குப் பதிவேட்டைப் பார்த்துப் பாதிச் சீட்டுகளை எழுதினாள். மீதியை ஞாபகத்திலிருந்து எழுதினாள். பட்டியலில் ரேடியோ என்று யாரும் இல்லையே என்று தோன்றியதும் அவனுக்கு ஒன்று எழுதிச் சேர்த்தாள். புதுசின் பெயர் பதிவேட்டில் இன்னும் ஏறவில்லை, ஞாபகத்திலும் ஏறவில்லை. எண்ணிப் பார்த்தபோது பத்தொன்பது வந்தது. கணக்கு சரியாக வந்தால் அப்புறம் யார் பார்க்கிறார்கள்? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் அடியில் எறும்பு மாட்டிக்கொள்வதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

அதைவிட அவளை உறுத்திய விஷயம் வேறு. மூன்றாம் வாரமே கிட்டார் அவளிடம் வந்தான். பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன், பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். "அக்கா, எனக்கு வந்த பேர்ல நம்ம குழுவுல யாருமே இல்லையே" என்று ஆரம்பித்தான். அவள் பாதியிலேயே கையை ஓங்கினாள். "வாயை மூடு. விதின்னா விதி. பேரைச் சொன்னே, உன்னைச் சுற்றுலாவுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன்." அவன் பயந்துபோய், யாரென்றே தெரியாத ஒரு நான்கு புனிதர் பெயர்க்காரனுக்காகச் சிரத்தையாக வேண்டிக்கொண்டிருந்தான். அப்படியாக ரேடியோவுக்கு இரண்டு பேர் செபம். அந்த இரட்டைச் செபத்தின் பலனோ என்னவோ, ஐந்தாம் வாரம் அவன் பணிமனை ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். வேறு நேரமாக இருந்தால் பல்லக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

வீட்டில் தங்கையிடம் சொன்னாள். தங்கை அவளோடு ஒரே வீட்டில் இருந்தாலும் கோயிலுக்குக் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் போகிறவள்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கே? அவ பின்னாடி நீ போய் நில்லு. தோளைத் தொடு. முடிஞ்சுது."

"நான் எடுத்த சீட்டு வேறடி."

"ரெண்டு கை இருக்குல்ல? ரெண்டு தோள்."

பல்லக்காவுக்கு அது பிடித்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. அவ்வளவு சுலபம். ஒரு தோள், ஒரு புன்னகை, அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பாள். தான் செய்கிற பல்லும் பொய்ப்பல்தானே, அதை வைத்துத்தானே ஆட்கள் நிஜமாகச் சாப்பிடுகிறார்கள் என்றுகூட அவள் புத்தி போனது. அந்த நியாயத்தோடு படுத்தாள், தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் பங்குத்தந்தையைத் தேடிப் போனாள். குள்ளமான மனிதர், கால்பந்துப் பைத்தியம். கோயில் பின்கட்டில் சுற்றுலாவுக்காகப் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே முழுவதையும் சொன்னாள்.

"நான் தினமும் பூசையில குழுவுல இருக்கற எல்லாரையும் ஒப்புக்கொடுக்கறேன்மா. அவளும் அதுல சேர்த்திதானே?"

"அது எல்லாருக்கும் உள்ளது ஃபாதர். அவளுக்குன்னு ஒருத்தர் இருந்ததாத்தான் அவ நம்பினா."

அவர் கொஞ்ச நேரம் காற்றடித்தார். "ஆமா" என்றார். "அது இல்லதான்."

"நீங்க சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா தாங்கிப்பா."

"சீட்டை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்கிட்ட ஏன் தர்றே? நான் பந்துக்குத்தான் காத்தடிப்பேன்." குரலைத் தணித்துக்கொண்டார். "அவ உடைஞ்சு போகலாம்மா. கோபப்படலாம், இனிமே வராமலும் போகலாம். பொய் சொன்னா அது ஒண்ணும் நடக்காது. எது வேணும்னு நீ பாத்துக்கோ."

தூய ஆவியார் ஞாயிறு. திருப்பலி முடிந்து வாடகைப் பேருந்தில் ஏரிக்கரைக்குப் போனார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. பங்குத்தந்தை திருநாளுக்கேற்ற சிவப்பில் கால்பந்துச் சட்டை போட்டிருந்தார், இரண்டு ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கினார், மூன்றுக்கும் சூரியனைக் குற்றம் சொன்னார். கயிறு இழுத்தார்கள். கரண்டியில் முட்டை வைத்து ஓடினார்கள். தண்ணீர் நிரப்பிய பலூன்களை எறிந்து ஒருவரை ஒருவர் நனைத்தார்கள். கட்டுப்போட்ட கையோடு ரேடியோ ஒரு பாறைமேல் ஏறி நின்று நேர்முக வர்ணனை செய்தான், யாரும் கேட்கவில்லை, அவனும் அதைப் பொருட்படுத்தவில்லை. புதுசு தலையிலிருந்து கால்வரை நனைந்து, முடி முகத்தில் ஒட்ட, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்க்கப் பார்க்கப் பல்லக்காவுக்கு ரொட்டி இறங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் புதுசு தானாகவே கோப்பைகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பல்லக்கா பின்னாலேயே போய்ச் சோப்பை எடுத்துக்கொண்டாள். வட்டம் சேர இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

"அக்கா, நான் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்" என்றாள் புதுசு. "பரிசு கூடாதுன்னு தெரியும். ஃபாதருக்குத் தெரியாம குடுத்துடுவேன். ஆணா பெண்ணான்னு தெரியாதே, அதான் குடை வாங்கினேன். யாரா இருந்தாலும் நனையக்கூடாதுல்ல."

பல்லக்கா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உன் பேரை நான் எழுதலை."

"என்ன?"

"சீட்டுல. உன் பேரை எழுத மறந்துட்டேன். ரேடியோ பேரை ரெண்டு தடவை எழுதிட்டேன், எண்ணிக்கை சரியா இருந்துது. வியாழக்கிழமைதான் பாத்தேன். உனக்காக யாரும் செபிக்கலை."

குழாய் திறந்தபடி இருந்தது. புதுசு அதை மூடினாள்.

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட இல்ல."

"அப்போ ஆறு மணிக்கு..." அவள் நிறுத்தினாள். முகத்தில் ரத்தம் ஏறியது. "நான் நின்னேனேக்கா. தினமும் நின்னேன். மேலாளர் திட்டினார், அப்பவும் நின்னேன். அங்க யாருமே இல்லையா?"

"யாருமே இல்லம்மா" என்றாள் பல்லக்கா.

"எனக்கு வந்த சீட்டுக்கு நான் ஒரு நாளும் விடலை" என்றாள் புதுசு. "ஜுரத்துலகூட விடலை. நீங்க எல்லாரையும் ஞாபகம் வச்சீங்க. அவனை ரெண்டு தடவை ஞாபகம் வச்சீங்க."

"தப்பு என்னோடதுதான். ஆனா நீ அம்மாவைக் கூப்பிட்டது நிஜம். வாசகம் வாசிச்சது நிஜம். யாரும் இல்லாமலே நடந்திருக்குன்னா, கடவுளே நேரா உன்கிட்ட..."

"அதைச் சொல்லாதீங்க." குரல் உயரவில்லை, ஆனாலும் பல்லக்கா வாயை மூடிக்கொண்டாள். "அது உங்களுக்குச் சுலபமா இருக்கும். எனக்கு இல்ல. எனக்கு ஒரு ஆள் வேணும்னுதான் இருந்துது."

மைதானத்தில் யாரோ கோல் போட்டார்கள், கூச்சல் எழுந்து அடங்கியது. பல்லக்காவின் கண் நிறைந்துவிட்டது. தன் அழுகையை அந்தப் பெண் சமாதானப்படுத்தும்படி ஆகிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இனிமே தினமும் நான் உனக்காகச் செபிக்கறேன். நிஜமா."

"இனிமேன்னா எனக்கு எப்படித் தெரியும்?" புதுசு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "இப்போ பண்ணுங்க. இங்கேயே. என் காதுல விழற மாதிரி."

பல்லக்கா சோப்பைக் கீழே வைத்தாள். வருடக்கணக்கில் மறைத்தது இந்தக் குழாயடியில் வந்து கையைப் பிடித்தது. கண்ணை மூடினாள். பழகிய வாய் தானாக ஓடியது.

"எல்லாம் வல்ல இறைவா, உம் மகளை உமது திருமுன் ஒப்புக்கொடுக்கிறோம்..."

"அது ஞாயிற்றுக்கிழமை வாசிக்கறது. அது எல்லாருக்கும் உள்ளது."

பல்லக்கா கண்ணைத் திறந்தாள். புதுசு நகராமல் நின்றுகொண்டிருந்தாள், முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, கன்னத்தில் வழிந்தது அந்தத் தண்ணீர்தானா என்று தெரியவில்லை. போய்விடவில்லை. அதைப் பார்த்ததும் பல்லக்கா மறுபடி கண்ணை மூடினாள். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்பது பக்கத்தில் நிற்கிறவளுக்கும் கேட்டிருக்கும். கடைசியில் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். புதுசு என்று சொல்லவில்லை. ஞானஸ்நானப் பெயரை, மெதுவாக, முழுதாகச் சொன்னாள்.

"ஆண்டவரே, இவ பேரு இதுதான். நான் எழுதாம விட்டுட்டேன்." கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தாள். "உங்ககிட்டப் பேசி ரொம்ப நாளாச்சு. எத்தனை நாள்னுகூடத் தெரியலை. எனக்கு வந்த சீட்டுக்கும் நான் ஒழுங்கா செபிக்கலை. அது இங்க யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். இப்போ இவளுக்கும் தெரியும். இவ தினமும் ஆறு மணிக்கு இஸ்திரியை வச்சிட்டு நின்னா. நீங்க பாத்தீங்களா? பாத்திருந்தீங்கன்னா அதை இவகிட்ட நீங்களே சொல்லுங்க, என்னால சொல்ல முடியலை, நான் சொன்னா இவளுக்கு அது பத்தாது. இவ அம்மா இனிமே ஃபோனை வைக்கக் கூடாது. இவளை யாரும் ஏய்னு கூப்பிடக் கூடாது. எனக்கு வேற ஒண்ணும் கேக்கத் தெரியலை."

பாறைமேலிருந்து ரேடியோ விசில் ஊதினான். "வட்டம், வட்டம்! எல்லாரும் வாங்க! தோள் ரெடியா இருக்கு!" பேச்சும் சிரிப்புமாக ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. யாரோ "பல்லக்கா எங்க?" என்று கத்தினார்கள்.

பல்லக்கா அவசரமாக மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமென்" என்று சொல்ல வாயெடுத்தாள்.

புதுசு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்கக்கா. அம்பது நாள் பாக்கி இருக்கு. அதுக்குள்ள முடிச்சா எப்படி?"

விசில் மறுபடி ஊதியது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லக்கா அந்தப் பெயரை இன்னொரு முறை சொல்லி ஆரம்பித்தாள், இந்தத் தடவை அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது.